இரண்டு முழு எண் அணிகளில் மதிப்புகளை எண்ணி ஒப்பிடுதல்: சிறிய அணிக்குச் சரியான விடை, பெரிய அணிக்குத் தவறான விடை

பொருநை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு ஜாவாவில் தரவுக் கட்டமைப்பு ஆய்வகம் நடத்தி வருகிறேன். அண்மையில் கொடுத்த பயிற்சி இது: ஒரே நீளமுள்ள இரண்டு முழு எண் அணிகள் தரப்படும், முதல் அணியில் ஒவ்வொரு மதிப்பும் எத்தனை முறை வருகிறதோ, இரண்டாம் அணியிலும் அது அத்தனை முறையே வருகிறதா என்று சொல்ல வேண்டும். வரிசை எப்படி வேண்டுமானாலும் மாறியிருக்கலாம். எண்ணிக்கை மாறக் கூடாது.

ஒரு மாணவி எழுதிய நிரல் படிப்பதற்குத் தெளிவாகவே இருக்கிறது. ஒவ்வோர் அணிக்கும் ஒரு ஹாஷ்மேப் (ஒவ்வொரு சாவிக்கும் ஒரு தரவைச் சேர்த்துவைக்கும் அட்டவணை) வைத்து, மதிப்பைச் சாவியாகவும் அது வந்த எண்ணிக்கையை அச்சாவிக்குரிய தரவாகவும் நிரப்புகிறார். பிறகு முதல் மேப்பின் சாவிகளை ஒவ்வொன்றாக எடுத்து, இரு மேப்புகளிலும் உள்ள எண்ணிக்கைகளை != குறியால் ஒப்பிட்டு, எங்கேனும் வேறுபட்டால் "வேறு" என்றும், கடைசி வரை வேறுபடாவிட்டால் "ஒன்றே" என்றும் விடை தருகிறார். கையால் எழுதிய பத்து எண்களுக்குச் சரியான விடை வந்தது. 0 முதல் 99 வரையிலான 1,000 எண்களை ரேண்டமாக உருவாக்கி, அதே எண்களைக் கலைத்து இரண்டாம் அணியாகக் கொடுத்தபோதும் சரியாகவே வந்தது. எண்களை 20,000 ஆக்கியதும் "வேறு" என்கிறது. இரண்டாம் அணி முதல் அணியின் கலைத்த நகல்தான் என்பதை இரண்டையும் வரிசைப்படுத்தி, அருகருகே வைத்துச் சரிபார்த்துவிட்டோம்.

இது ஏன் என்பது முதல் கேள்வி. இரண்டாவது கேள்வி, ஒரு மதிப்பு எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவதற்கு உள்ள வழிகளில் எதை முதலில் சொல்லிக் கொடுப்பது என்பது. மாணவர்கள் எல்லாவற்றுக்கும் ஹாஷ்மேப்பையே எடுக்கிறார்கள். அது சரியான பழக்கமா என்று எனக்கு ஐயம் இருக்கிறது.

வடகரை எழுதியது:

வணக்கம் ஐயா. எண்ணும் பகுதியில் பிழை எதுவும் இல்லை. ஒப்பிடும் வரியில்தான் இருக்கிறது.

ஹாஷ்மேப்புக்குள் வெறும் முழு எண்ணை வைக்க முடியாது. மாணவி எண்ணிக்கையை வைக்கும்போது, 2004-இல் ஜாவா 5-உடன் வந்த ஆட்டோபாக்சிங், அந்த எண்ணை இன்டிஜர் என்னும் பொருளுக்குள் இட்டு வைக்கிறது. இரு பொருள்களை == அல்லது != கொண்டு ஒப்பிட்டால், ஜாவா உள்ளே இருக்கும் எண்களைப் பார்ப்பதில்லை; இரண்டும் நினைவகத்தில் ஒரே பொருள்தானா என்று மட்டுமே பார்க்கிறது. அப்படியானால் எல்லா அணிகளுக்கும் தவறான விடைதானே வந்திருக்க வேண்டும் என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் ஜாவாவின் ஒரு விதி குறுக்கே வருகிறது: −128 முதல் 127 வரையுள்ள எண்களை ஆட்டோபாக்சிங் செய்யும்போது, ஒவ்வோர் எண்ணுக்கும் எப்போதும் ஒரே பொருளையே தர வேண்டும் என்று ஜாவாவின் நூலக ஆவணமே சொல்கிறது. அந்த எல்லைக்கு வெளியே போனால் வழக்கமாக ஒவ்வொரு முறையும் புதிய பொருள் பிறக்கும்.

உங்கள் சோதனைகளை இதனோடு வைத்துப் பாருங்கள். 100 வெவ்வேறு மதிப்புகளில் 1,000 எண்கள் என்றால், ஒவ்வொரு மதிப்பும் ஏறத்தாழ 10 முறை வரும். 10 என்பது எல்லைக்குள் இருப்பதால் இரு மேப்புகளும் ஒரே பொருளைச் சுட்டும். ஒப்பீடு தற்செயலாகச் சரியாகிவிடும். 20,000 எண்கள் என்றால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 200 முறை. ஒரு மேப்பில் இருக்கும் 200 ஒரு பொருள், மற்றதில் இருக்கும் 200 இன்னொரு பொருள். ஆகவே "வேறு".

இதை மாணவர்களின் கண் முன்னே காட்ட நான்கு வரிகள் போதும். இரண்டு இன்டிஜர் மாறிகளில் 127-ஐ இட்டு == கொண்டு ஒப்பிட்டு அச்சிடச் சொல்லுங்கள், "உண்மை" என்று வரும். இரண்டிலும் 128-ஐ இட்டு அதையே செய்யச் சொல்லுங்கள், "பொய்" என்று வரும். இந்த மேல் எல்லையை ஜேவிஎம் (ஜாவா நிரல்களை இயக்கும் மென்பொருள்) தொடங்கும்போது உயர்த்திக்கொள்ளும் வசதி, பரவலாகப் பயன்படும் ஜேவிஎம் ஆன ஹாட்ஸ்பாட்டில் உண்டு என்பதால், ஒரே நிரல் ஒரு கணினியில் சரியாகவும் மற்றொன்றில் தவறாகவும் நடப்பதற்கும் வழியிருக்கிறது.

திருத்தம் எளிது. உள்ளே இருக்கும் எண்களையே ஒப்பிடும் ஈக்வல்ஸ் செயற்கூறைப் பயன்படுத்தினால் போதும். முதல் மேப்பிலிருந்து எடுத்த எண்ணிக்கையின் மீது ஈக்வல்ஸை அழைத்து, இரண்டாம் மேப்பில் உள்ளதை அதற்குக் கொடுக்கச் சொல்லுங்கள். இரண்டாம் மேப்பில் அந்தச் சாவியே இல்லாமல் நல் (null, "பொருள் எதுவும் இல்லை" என்னும் குறி) திரும்பினாலும், ஈக்வல்ஸ் "பொய்" என்று சொல்லிவிடும், நிரல் முறியாது. இரண்டையும் வெறும் முழு எண்ணாக மாற்றி ஒப்பிட முயன்றால், அதே இடத்தில் நல் பாயின்டர் பிழை எழும்.

பைத்தானிலும் இதே குழி இருக்கிறது. பைத்தானின் வழக்கமான இயக்கியான சிபைத்தான் −5 முதல் 256 வரையுள்ள முழு எண்களை முன்கூட்டியே ஆக்கி வைத்திருப்பதால், இஸ் என்னும் குறிச்சொல்லால் எண்களை ஒப்பிடும் நிரல் சிறிய எண்களுக்குச் சரியாக நடப்பதுபோலத் தோன்றும்.

மென்கலம் எழுதியது:

வடகரை சொன்னதோடு இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன்.

முதல் மேப்பின் சாவிகளை மட்டும் பார்ப்பது போதுமா என்ற கேள்வி வகுப்பில் எழும். இரண்டாம் அணியில் மட்டும் இருக்கும் ஒரு மதிப்பு கண்ணில் படாமல் போகாதா என்பார்கள். நீளங்கள் சமம் என்று முன்பே தெரிந்திருப்பதால் போகாது. முதல் அணியின் ஒவ்வொரு மதிப்பும் இரண்டாம் அணியில் அத்தனை முறையே வந்துவிட்டால், அந்த எண்ணிக்கைகளின் கூட்டுத்தொகையே இரண்டாம் அணியின் முழு நீளமாகிவிடுகிறது. வேறு மதிப்புக்கு இடம் மிஞ்சாது. ஆனால் நீளம் சமமா என்பதை நிரலே முதல் வரியில் சோதிக்க வேண்டும். கேள்வித்தாளில் அப்படிச் சொல்லியிருக்கிறது என்பதை நம்பி விட்டுவிடக் கூடாது.

இரண்டு மேப்புகள் தேவையில்லை என்பது அடுத்தது. ஒரே மேப்பில் முதல் அணியின் ஒவ்வொரு மதிப்புக்கும் ஒன்றைக் கூட்டிக்கொண்டே போய், இரண்டாம் அணியைப் படிக்கும்போது ஒன்றைக் கழித்துக்கொண்டே வரலாம். எந்த மதிப்பின் எண்ணிக்கையாவது பூச்சியத்துக்குக் கீழே போன கணத்திலேயே "வேறு" என்று நிறுத்திவிடலாம். நீளங்கள் சமமாக இருந்து, ஒன்றுகூடக் கீழே போகாமல் முடிந்தால், எல்லாம் பூச்சியத்தில்தான் நிற்கும். தனியாக மறுபடி பார்க்கத் தேவையில்லை. இந்த வழியில் எண்ணிக்கைகளைத் தமக்குள் ஒப்பிடும் வரியே எழாது, பூச்சியத்தோடு ஒப்பிடுவது மட்டுமே இருக்கும்.

ஆடுதுறை எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு என் விடை உறுதியானது: அணியில் வரும் மதிப்புகள் எந்த எல்லைக்குள் இருக்கின்றன என்று முதலில் கேட்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். எண்ணும் வழியைத் தீர்மானிப்பது அணியின் நீளத்தைவிட அந்த எல்லைதான்.

உங்கள் 20,000 எண்களையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வோர் உறுப்பையும் மற்ற எல்லா உறுப்புகளோடும் ஒப்பிடும் இரட்டை மடக்கு (ஒன்றனுள் ஒன்றான லூப்), ஒவ்வோர் இணையையும் ஒரு முறை மட்டுமே பார்த்தாலும் 19 கோடியே 99 லட்சத்து 90 ஆயிரம் ஒப்பீடுகளைச் செய்யும். வரிசைப்படுத்திவிட்டு, அடுத்தடுத்த உறுப்புகள் சமமா என்று பார்த்து எண்ணினால், வரிசைப்படுத்துவதற்குச் சுமார் 2 லட்சத்து 86 ஆயிரம் என்ற அளவில் ஒப்பீடுகளும், அதன்பின் எண்ணுவதற்கு 19,999 ஒப்பீடுகளும் ஆகும். ஆனால் மதிப்புகள் 0 முதல் 99 வரைதான் என்று தெரிந்திருந்தால், 100 அறைகள் கொண்ட ஓர் எண்ணிக்கை அணியை வைத்து, வரும் மதிப்பையே சுட்டெண்ணாகக் கொண்டு, அந்த அறையில் ஒன்றைக் கூட்டினால் போதும். உறுப்புகளுக்கிடையே ஓர் ஒப்பீடுகூட இல்லை. 1954-இல் எம்ஐடியில் ஹரால்டு சீவர்டு முன்வைத்த எண்ணிக்கை வரிசையாக்கத்தின் அடிப்படை இதுதான். பைட் வகை அணி ஓரளவு நீளமாக இருந்தால், அதை வரிசைப்படுத்த ஜாவாவின் நூலகமே இந்த முறைக்கு மாறிக்கொள்கிறது, ஏனென்றால் பைட்டுக்கு 256 மதிப்புகளுக்கு மேல் இருக்க முடியாது.

எதிர்மறை எண்கள் வந்தாலும் தடையில்லை. மதிப்புகள் −40 முதல் 60 வரை என்றால், ஒவ்வொரு மதிப்பிலிருந்தும் மிகச் சிறியதைக் கழித்து, அதாவது 40-ஐக் கூட்டி, 101 அறைகளில் எண்ணலாம்.

ஹாஷ்மேப்பைக் குறை சொல்லவில்லை, ஆனால் அதன் விலையை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். சாதாரண முழு எண் ஒன்றுக்கு 4 பைட் போதும். 64 பிட் ஹாட்ஸ்பாட்டில், சுருக்கிய (4 பைட்) நினைவகச் சுட்டிகளோடு, ஓர் இன்டிஜர் பொருளுக்கு 16 பைட்டும், சாவியையும் தரவையும் இணைத்து வைக்கும் ஹாஷ்மேப்பின் ஒரு கணுவுக்கு 32 பைட்டும் ஆகின்றன. வெவ்வேறு மதிப்புகள் 100 மட்டுமே இருக்கும் இடத்தில் இது பொருட்டல்ல. கோடிக்கணக்கில் இருக்கும் இடத்தில் நினைவகமே போதாமல் போய்விடும்.

எண்ணிக்கை அணி கிடைத்துவிட்டால் அதோடு வேலை முடிந்துவிடுவதில்லை, உண்மையான பயன் அங்கிருந்துதான் தொடங்குகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 0 முதல் 100 வரையிலான மதிப்பெண்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 101 அறைகளில் எண்ணிய பிறகு, இடமிருந்து வலமாக ஒவ்வோர் அறையிலும் அதற்கு முந்தைய அறையின் தொகையைக் கூட்டிக்கொண்டே போனால், ஒவ்வோர் அறையும் "இந்த மதிப்பெண்ணோ அதற்குக் குறைவோ பெற்றவர்கள் எத்தனை பேர்" என்பதைச் சொல்லும். 35-க்குக் கீழே எத்தனை பேர் என்று கேட்டால் 34-ஆம் அறையைப் படித்தால் போதும். அணியை மறுபடி தொட வேண்டியதில்லை. 60-க்கும் 74-க்கும் இடையில் எத்தனை பேர் என்றால், 74-ஆம் அறையிலிருந்து 59-ஆம் அறையைக் கழித்தால் விடை. தர வரிசையும் இதிலேயே கிடைக்கிறது: ஒருவருடைய இடம் என்பது அவரைவிட அதிகம் பெற்றவர்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டியதுதான். 92, 88, 88, 75 என்ற மதிப்பெண்களுக்கு 1, 2, 2, 4 என்று இடங்கள் வரும். ஒரே மதிப்பெண் பெற்ற இருவருக்கும் ஒரே இடம் தருவதற்குத் தனி நிபந்தனை எதையும் எழுத வேண்டியதில்லை, எண்ணிக்கையே அதைப் பார்த்துக்கொள்கிறது.

வடகரை எழுதியது:

ஆடுதுறை சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் எல்லை தெரியும் என்பது பல சமயம் நம் ஊகம் மட்டுமே. 0 முதல் 100 வரைதான் வரும் என்று நம்பி 101 அறைகள் வைத்த நிரலுக்கு, தேர்வுக்கு வராதவரைக் குறிக்கும் −1 ஒன்று வந்துவிட்டால், ஜாவாவில் நிரல் அந்த இடத்திலேயே நின்றுவிடும். சி மொழியில் நிற்கவும் நிற்காது, அணிக்கு வெளியே உள்ள நினைவகத்தில் ஒன்றைக் கூட்டிவிட்டு மேலே போய்க்கொண்டிருக்கும். எல்லையை நிரலே சோதிக்கட்டும், அல்லது மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் முதலில் ஒரு முறை படித்துக் கண்டுபிடிக்கட்டும். அப்படிக் கண்டுபிடித்த பிறகு, "பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து ஒன்றைக் கூட்டு" என்று அறைகளைக் கணக்கிடும்போதுகூட, அந்தக் கழித்தலை 64 பிட் லாங் வகையில் செய்ய வேண்டும். 32 பிட் இன்ட் வகையில் செய்தால், எல்லை மிக அகலமாக இருக்கும்போது விடை எதிர்மறையாகத் திரும்பிவிடும்.

ஆடுதுறை எழுதியது:

அந்தச் சோதனை வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. எல்லை முழு 32 பிட்டாகவே இருந்தாலும் இந்த எண்ணம் முற்றிலும் பயனற்றுப் போவதில்லை என்பதை மட்டும் சேர்க்கிறேன். "வந்ததா, வரவில்லையா" என்று மட்டும் தெரிய வேண்டுமானால், ஒரு மதிப்புக்கு ஒரு பிட் வீதம் 512 எம்பி போதும். "வரவில்லை, ஒரு முறை வந்தது, ஒன்றுக்கு மேல் வந்தது" என்று மூன்று நிலைகள் வேண்டுமானால், இரண்டு பிட் வீதம் 1 ஜிபி. பல நூறு கோடி எண்கள் கொண்ட கோப்பில் ஒரே ஒரு முறை வந்தவற்றைக் கண்டுபிடிக்க இது நேர்மையான வழி.

தெற்குவீதி எழுதியது:

எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் வேண்டுமா, ஏதோ ஒன்றுக்கு மட்டும் வேண்டுமா என்பதையும் கேட்கச் சொல்லுங்கள். அணியில் பாதிக்கு மேல் இடம்பிடித்த மதிப்பு எது என்பது மட்டும் கேள்வியானால், மேப்பும் வேண்டாம், எண்ணிக்கை அணியும் வேண்டாம். ராபர்ட் பாயரும் ஜே ஸ்ட்ரோதர் மூரும் 1981-இல் கண்டு 1991-இல் வெளியிட்ட வழிமுறைக்கு இரண்டே மாறிகள் போதும்: ஒன்று வேட்பாளர், மற்றொன்று எண்ணி.

எண்ணி பூச்சியமாக இருக்கும்போது வரும் மதிப்பு வேட்பாளர் ஆகிறது, எண்ணி 1 ஆகிறது. மற்ற நேரங்களில் வரும் மதிப்பு வேட்பாளருக்குச் சமமானால் எண்ணியில் ஒன்றைக் கூட்ட வேண்டும், இல்லையேல் ஒன்றைக் கழிக்க வேண்டும். 7, 2, 7, 7, 3, 7, 5 என்ற அணியைக் கரும்பலகையில் நடத்திக் காட்டுங்கள். 7 வந்ததும் எண்ணி 1, 2 வந்ததும் 0, அடுத்த 7 மீண்டும் வேட்பாளராகி 1, அதற்கடுத்த 7-க்கு 2, 3-க்கு 1, 7-க்கு 2, 5-க்கு 1. முடிவில் நிற்பது 7. ஏழு உறுப்புகளில் அது நான்கு முறை வந்திருக்கிறது.

ஒவ்வொரு கழித்தலும், வேறுபட்ட இரண்டு உறுப்புகளை இணையாக்கி அணியிலிருந்து அகற்றுவதற்குச் சமம். பாதிக்கு மேல் இருக்கும் மதிப்பை அப்படி முழுவதுமாக அகற்றிவிடப் போதுமான மாற்று மதிப்புகள் அணியில் இல்லை. அதனால்தான் அது கடைசியில் நின்றுவிடுகிறது.

மாணவர்கள் தவறவிடும் இடம் இரண்டாம் சுற்று. பாதிக்கு மேல் எதுவுமே இல்லாத அணியிலும் ஏதோ ஒரு வேட்பாளர் நிற்கக்கூடும். 1, 2, 3 என்ற அணியில் 3 நிற்கும், ஆனால் அது வந்தது ஒரே முறை. ஆகவே வேட்பாளரைக் கண்ட பின் அணியை மறுபடி படித்து, அது உண்மையில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணியே தீர வேண்டும்.

பாதிக்குப் பதிலாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல், பத்தில் ஒரு பங்குக்கு மேல் என்று கேட்டால், மிஸ்ராவும் கிரீஸும் 1982-இல் கொடுத்த விரிவு இருக்கிறது. பத்தில் ஒரு பங்குக்கு ஒன்பது வேட்பாளர்கள் போதும். அங்கும் இரண்டாம் சுற்று தேவை.

பொருநை எழுதியது:

விரிவான விடைகளுக்கு மிக்க நன்றி. ஈக்வல்ஸ் கொண்டு திருத்தியதும் மாணவியின் நிரல் 20,000 எண்களுக்குச் சரியான விடை தருகிறது. அடுத்த பயிற்சியாக, மதிப்புகளை அவை வந்த எண்ணிக்கையின் இறங்குவரிசையில் அடுக்கி, எண்ணிக்கை சமமானால் சிறிய மதிப்பு முதலில் வரும்படி அச்சிடச் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலான மாணவர்கள் கம்பாரேட்டருக்குள் (இரண்டில் எது முதலில் வரும் என்பதை எதிர்மறை, பூச்சியம், நேர்ம எண்ணால் சொல்லும் செயற்கூறு) "இரண்டாவதன் எண்ணிக்கையிலிருந்து முதலாவதன் எண்ணிக்கையைக் கழி" என்றும், அது பூச்சியமானால் "முதல் மதிப்பிலிருந்து இரண்டாம் மதிப்பைக் கழி" என்றும் எழுதுகிறார்கள். பல பாடநூல்களிலும் இப்படியே இருக்கிறது. இதை ஏற்கலாமா?

வடகரை எழுதியது:

முதல் கழித்தலை ஏற்கலாம், இரண்டாவதை ஏற்கக் கூடாது. இந்த வேறுபாட்டை மாணவர்களுக்கு விளக்குவது மிகவும் பயனுள்ளது.

எண்ணிக்கை ஒருபோதும் எதிர்மறையாவதில்லை. 0-க்கும் 2147483647-க்கும் இடைப்பட்ட இரு எண்களின் வேறுபாடு எப்போதும் இன்ட் வகைக்குள் அடங்கும். மதிப்புகளுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. −2000000000-லிருந்து 2000000000-ஐக் கழித்தால் கணிதப்படி −4000000000 வர வேண்டும். அது 32 பிட்டுக்குள் அடங்காமல் சுற்றி வந்து 294967296 என்ற நேர்ம எண்ணாக நிற்கும். அதாவது, இரண்டில் சிறியதையே பெரியது என்று கம்பாரேட்டர் சொல்லிவிடும்.

இதோடு 0-வையும் சேர்த்து மூன்று மதிப்புகளாக வைத்தால் சிக்கலின் முழு உருவம் தெரியும். −2000000000-ஐ 0-வோடு ஒப்பிட்டால் "சிறியது" என்று சரியாக வருகிறது. 0-வை 2000000000-வோடு ஒப்பிட்டாலும் "சிறியது" என்று சரியாகவே வருகிறது. ஆனால் −2000000000-ஐ 2000000000-வோடு ஒப்பிட்டால் "பெரியது" என்கிறது. ஒன்று இரண்டைவிடச் சிறியது, இரண்டு மூன்றைவிடச் சிறியது, ஆனால் ஒன்று மூன்றைவிடப் பெரியது என்றால், அப்படி ஒரு வரிசையே இருக்க முடியாது. 2011-இல் வந்த ஜாவா 7 முதல், பொருள்களை வரிசைப்படுத்தும் நூலக வழிமுறையான டிம்சார்ட், இத்தகைய முரண்பாட்டைக் கண்டால் கம்பாரேட்டர் தன் ஒப்பந்தத்தை மீறுகிறது என்று பிழை எறியும். அதைவிடக் கவலைக்குரியது, முரண்பாடு அதன் பார்வையில் படாத சமயங்கள்: அப்போது பிழைச் செய்தி எதுவும் இல்லாமல் தவறான வரிசை வெளியே வந்துவிடும். இன்டிஜர் வகுப்பின் கம்பேர் செயற்கூறு ஜாவா 7 முதலே இருக்கிறது. கழித்தலை விட்டுவிட்டு அதையே பழக்குங்கள், எண்ணிக்கைக்கும் சேர்த்து.

இதே வழிதல் (விடை வகையின் எல்லையைத் தாண்டிச் சுற்றி வருவது) தேடலிலும் உண்டு. வரிசைப்படுத்திய அணியைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் ஈரிலக்கத் தேடலில் நடு இடத்தைக் காணத் தொடக்கத்தையும் முடிவையும் கூட்டி இரண்டால் வகுக்கும் வரி, அணி சுமார் 107 கோடி உறுப்புகளைத் தாண்டும்போது வழிந்து எதிர்மறைச் சுட்டெண்ணைத் தரக்கூடும். ஜாவாவின் நூலகத்திலேயே அது பல ஆண்டுகள் இருந்ததை ஜோஷுவா பிளாக் 2006-இல் எழுதினார். முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்து, பாதியாக்கி, தொடக்கத்தோடு கூட்டுவது பாதுகாப்பானது.

மணல்மேடு எழுதியது:

உங்கள் மாணவர்கள் சி மொழியும் படிப்பார்கள் என்பதால் ஒன்றைச் சொல்கிறேன். குறியுள்ள எண்ணைக் குறியில்லாத எண்ணோடு ஒப்பிடும்போது, சி குறியுள்ளதைக் குறியில்லாததாக மாற்றிவிட்டுத்தான் ஒப்பிடும். 32 பிட்டில் −1 என்பது 4294967295 ஆகிவிடும். ஆகவே "−1 அணியின் நீளத்தைவிடச் சிறியதா" என்று கேட்டால், நீளத்தைக் குறியில்லாத மாறியில் வைத்திருக்கும் நிரல் "இல்லை" என்று சொல்லும். அதே காரணத்தால், அணியைக் கடைசியிலிருந்து முன்னோக்கிப் படிக்கும் மடக்கில், குறியில்லாத சுட்டெண்ணை "பூச்சியமோ அதற்கு மேலோ" என்று சோதித்தால் மடக்கு முடிவதே இல்லை. கம்பைலரின் எச்சரிக்கைகளை முழுவதுமாக இயக்கிவிட்டுத் தொகுக்கச் சொல்லுங்கள், இரண்டையும் அதுவே சுட்டிக்காட்டும்.

ஜாவாஸ்கிரிப்டில், கம்பாரேட்டர் கொடுக்காமல் எண் அணியை வரிசைப்படுத்தினால், எண்களைச் சரங்களாக்கி ஒப்பிடுகிறது. 10, 9, 1 என்ற அணி 1, 10, 9 என்று வரும்.

மென்கலம் எழுதியது:

ஒப்பீடுகளை எண்ணுவது பற்றியும் ஒரு பயிற்சி வைக்கலாம், ஏனென்றால் அதில் துல்லியமான விடைகள் இருக்கின்றன. 1,024 உறுப்புகளில் மிகப் பெரியதையும் மிகச் சிறியதையும் தனித்தனியே தேடினால், 1,023 வீதம் மொத்தம் 2,046 ஒப்பீடுகள். உறுப்புகளை இரண்டிரண்டாக எடுத்து, முதலில் தமக்குள் ஒப்பிட்டு, பெரியதை இதுவரை கண்ட பெரியதோடும், சிறியதை இதுவரை கண்ட சிறியதோடும் மட்டும் ஒப்பிட்டால், 1,534 போதும்.

இரண்டாவது பெரியது இன்னும் சுவையானது. இணை இணையாக மோதவிட்டு வென்றவற்றை மேலே அனுப்பும் முறையில் மிகப் பெரியது 1,023 ஒப்பீடுகளில் கிடைக்கிறது. இரண்டாவது பெரியது, வென்றதிடம் நேரடியாகத் தோற்ற பத்தில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். மற்றவை எல்லாம் வேறொன்றிடம் தோற்றவை. அந்தப் பத்தில் பெரியதைக் காண 9 ஒப்பீடுகள், ஆக மொத்தம் 1,032. இதற்குக் கீழே எந்த வழிமுறையாலும் எல்லா அணிகளுக்கும் விடை காண முடியாது என்று கிஸ்லிட்சின் 1964-இல் நிறுவினார். இறுதி ஆட்டத்தில் தோற்றவருக்கே இரண்டாம் பரிசு கொடுப்பது நியாயமல்ல என்று லூயிஸ் கரோல் 1883-இல் டென்னிஸ் போட்டிகளைப் பற்றி எழுப்பிய வாதமும் இதே காரணத்தைக் கொண்டது.

ஒப்பீடு குறைந்தால் நிரல் கட்டாயம் வேகமாகும் என்று மட்டும் மாணவர்களை முடிவு செய்ய விடாதீர்கள். இன்றைய செயலிகள் ஒப்பீட்டின் விளைவை முன்கூட்டியே ஊகித்து நடப்பதால், ஊகிக்க எளிதான 2,046 ஒப்பீடுகள், ஊகிக்க முடியாத 1,534-ஐவிட வேகமாக முடியக்கூடும். ஓர் அணியில் 128-க்கு மேற்பட்டவற்றை எண்ணும் ஒரே மடக்கு, அணி வரிசைப்படுத்தப்பட்டிருக்கும்போது பல மடங்கு வேகமாக ஓடக்கூடும் என்பதும் இதனால்தான். கம்பைலர் அந்த நிபந்தனைத் தாவலை நீக்கிவிட்டிருந்தால் அந்த வேறுபாடு மறைந்துவிடும். ஆகவே எண்ணவும் சொல்லுங்கள், நேரத்தை அளக்கவும் சொல்லுங்கள்.

பொருநை எழுதியது:

இவற்றை வைத்துச் சோதனைக் கோப்புகளை மாற்றி அமைத்துவிட்டேன். ஒரு மதிப்பு சரியாக 127 முறை வரும் அணி ஒன்று, 128 முறை வரும் அணி ஒன்று, −2000000000, 0, 2000000000 ஆகிய மூன்றும் சம எண்ணிக்கையில் வரும் அணி ஒன்று, பாதிக்கு மேல் எதுவும் வராத அணி ஒன்று ஆகியவை எல்லா நிரல்களுக்கும் கட்டாயம் தரப்படும். கற்பிக்கும் வரிசையில், எல்லையைச் சோதிக்கும் எண்ணிக்கை அணி முதலிலும், வரிசைப்படுத்தி எண்ணுவது அடுத்தும், ஹாஷ்மேப் மூன்றாவதும் வரும்.

ஒரு சிறு கேள்வி மிஞ்சுகிறது. உறுப்பே இல்லாத வெற்று அணியைக் கொடுத்து "மிக அதிக முறை வந்த மதிப்பு எது" என்று கேட்டால், சில மாணவர்கள் 0 என்றும் சிலர் −1 என்றும் திருப்புகிறார்கள். எதை ஏற்பது?

வடகரை எழுதியது:

இரண்டையும் ஏற்க வேண்டாம் ஐயா. 0-வும் −1-உம் அணியில் வரக்கூடிய மதிப்புகளே என்பதால், விடையைப் பெறும் நிரலுக்கு "0 அதிக முறை வந்தது" என்பதற்கும் "எதுவுமே வரவில்லை" என்பதற்கும் வேறுபாடு தெரியாமல் போகும். ஜாவா 8 முதல் இருக்கும் ஆப்ஷனல்இன்ட் வகையைத் திருப்பச் சொல்லலாம், அல்லது வெற்று அணி வந்தால் பிழை எறியச் சொல்லலாம். "எத்தனை முறை" என்று கேட்கும் செயற்கூறு மட்டும் வெற்று அணிக்கு 0 தரலாம். அங்கே அதுதான் சரியான எண்ணிக்கை. உங்கள் முதல் பயிற்சியில் இரண்டு அணிகளும் வெற்றாக இருந்தால் விடை "ஒன்றே" என்பதையும் சோதனைக் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.